நீலி, யட்சி, இசக்கி: ஒரு நல்ல ஹாரர் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, யாருக்கு எதைச் சொல்வது?

"நல்ல ஹாரர் புக் ஒண்ணு சொல்லு, வீக் எண்ட்ல படிக்கணும்" என்று அலுவலக நண்பர் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த படத்தின் பெயரையோ, ஸ்டீபன் கிங் பெயரையோ சொல்லி முடித்துவிடுவோம். நண்பரும் பத்து பக்கம் படித்துவிட்டு "பயமே இல்லையே" என்று மூடி வைத்துவிடுவார்.

பிரச்னை புத்தகத்தில் இல்லை. ஹாரரில் எது நல்லது என்று எடைபோட நம்மிடம் ஒரு அளவுகோல் இல்லை. அந்த அளவுகோலைத் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். கேரள எல்லையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை போனால் போதும்.

அங்கே அப்படி என்ன இருக்கிறது?

ஒரு சாலை இருக்கிறது. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம், புதிய தலைநகரம் திருவனந்தபுரம். இரண்டுக்கும் இடையே உள்ள வழியில்தான் களியக்காவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை எல்லாம் வருகின்றன. இன்று பஸ்ஸும் லாரியும் நெருக்கியடிக்கும் இந்த வழி, ஒரு காலத்தில் காட்டு வழி.

கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'ஐதிகமாலை'யில் கேரளத்து வாய்மொழிக் கதைகளைத் தொகுத்தார். அதில் பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவிலான காட்டு வழியில் ஒரு யட்சி வருகிறாள். அழகான பெண்ணாக நின்று, வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவன் வீடு திரும்ப மாட்டான்.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. யட்சி நின்ற சாலை இரண்டாக வெட்டுப்பட்டது. பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்களும் அதில் உண்டு.

மலையாளிகள் எல்லோருக்கும் தெரிந்த யட்சியின் பெயர் 'கள்ளியங்காட்டு நீலி'. அந்தக் கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவிலில். கேரளத்தின் மிகப் பிரபலமான பேய்க்கு ஊர் தமிழ்நாடு!

ஒரே பேய், ஏன் இரண்டு முடிவு?

விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மலையாளக் கதையில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் யட்சியின் தலையில் இரும்பாணி அடிக்கிறார். அவள் அடங்கி, வீட்டு வேலைக்காரியாகிறாள். ஒருநாள் தலை வாரும்போது ஆணியைப் பார்த்து யாரோ பிடுங்கிவிட, மீண்டும் யட்சியாகிறாள். கடைசியில் கத்தனார் அவளைப் பனையன்னார்காவில் குடியமர்த்துகிறார். இந்தக் கதையின் ஹீரோ கத்தனார். யட்சி அவர் ஜெயிக்க வேண்டிய ஒரு ஆபத்து, அவ்வளவுதான்.

குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் நீலியின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அவள் முதலில் பேய் இல்லை. நம்பிய ஆண் ஒருவன் நகைக்காகக் கொன்ற பெண். மறுபிறவி எடுத்து, ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர்தான் என் புருஷன்" என்று ஊர்ச் சபையின் முன் வந்து நிற்கிறாள். பழி தீர்க்கிறாள். வட தமிழ்நாட்டில் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் நீலி கதையும் இதே எலும்புக்கூட்டில் நிற்பதுதான்.

பிறகு? ஊர் அவளுக்கு ஆணி அடிக்கவில்லை, கோயில் கட்டியது. 'யட்சி' என்ற சொல் 'இயக்கி'யாகி 'இசக்கி'யானது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல் இசக்கியம்மனிடம் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் போகிறார்கள். கொலையுண்ட பெண், பிரசவத்தில் செத்த பெண், தற்கொலை செய்துகொண்ட பெண் என்று தென்மாவட்டங்களில் எத்தனையோ இசக்கிகள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் தன் நூல் ஒன்றுக்கு வைத்த தலைப்பே 'சுண்ணாம்பு கேட்ட இசக்கி'.

ஒரு கதை பேயை எப்படி விரட்டுவது என்று கேட்கிறது. இன்னொன்று, அவளுக்கு நடந்த அநியாயத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்கும் கதைதான் படித்து முடித்த பிறகும் நம்மை விடாது. அளவுகோல் இதுதான்.

சரி, இதை வைத்து ஒரு புத்தகத்தை எப்படி எடைபோடுவது?

மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: இந்தப் பேய் யாருக்கு நடந்த எந்தக் கொடுமையிலிருந்து வருகிறது? பதிலே இல்லை என்றால் அது வெறும் 'பே' என்று பயமுறுத்தும் கதை. பஸ் பயணத்துக்குச் சரி.

இரண்டு: பயம் யாருடையது? பல கதைகளில் பயப்படுவது ஆண், பயமுறுத்துவது பெண். அவள் பக்கத்திலிருந்து ஒரு பக்கமாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று: கடைசியில் எல்லாம் சரியாகிவிடுகிறதா? விளக்கைப் போட்டதும் காணாமல் போகும் பயம், நல்ல எழுத்தில் குறைவு.

தமிழில் எங்கிருந்து தொடங்கலாம்?

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யிலிருந்து. 1943-ல் வந்த சிறுகதை. எழுத்தாளன் ஒருவனின் வீட்டுக்குள் பிச்சைக்காரி ஒருத்தி வேலைக்காரியாக நுழைகிறாள். அவள் பேயா, அவன் மனமா என்பதைக் கதை கடைசிவரை சொல்லாது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், இரண்டு நாளைக்குத் தூக்கம் போகும். புதுமைப்பித்தன் 1948-ல் காலமானது திருவனந்தபுரத்தில்தான்.

அடுத்து ஜெயமோகன். குமரி மாவட்டத்துக்காரர், இரு மொழியிலும் எழுதுபவர். அவருடைய 'நிழல்வெளிக் கதைகள்' முழுக்கவே அமானுஷ்யக் கதைகளின் தொகுப்பு. ஹாரர் பிடிக்கும், இலக்கியம் என்றால் அலர்ஜி என்று சொல்லும் நண்பருக்குத் தயங்காமல் கொடுக்கலாம். 'காடு' (2003) பேய்க்கதை இல்லை. ஆனால் அதில் நாயகன் மயங்கும் மலைப்பெண்ணின் பெயர் நீலி. பெயர் தெரிந்து படித்தால் நாவலின் நிறமே மாறும்.

பேயே இல்லாத இருட்டு வேண்டுமா? 'ஏழாம் உலகம்'. உடல் சிதைந்த பிச்சைக்காரர்களை 'உருப்படி' என்று கணக்குப் போட்டு விற்கும் உலகம் அது. 2009-ல் வந்த 'நான் கடவுள்' படத்துக்கு அடித்தளம் இந்த நாவல். 2023-ல் 'தி அபிஸ்' என்ற பெயரில் சுசித்ரா ராமச்சந்திரனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. தமிழ் படிக்கத் தெரியாத நண்பருக்கு அது உதவும்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி'யையும் இந்த வரிசையில் வைக்கலாம். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி ஊருக்குள் வருகிறது, அவ்வளவுதான் கதை. பேய் வரவில்லை, ஊர்தான் வருகிறது. இதன் ஆங்கில வடிவம் 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

மலையாளத்தில் எதைத் தேடுவது?

சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) நாவலுக்குள்ளேயே பஞ்சவன்காட்டு யட்சி கதை வந்துவிடுகிறது. மலையாள நாவல் பிறந்த காலத்திலேயே இந்த எல்லைப்புறப் பேயும் கூடவே பிறந்துவிட்டாள் என்று சொல்லலாம்.

மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி' (1967) இன்றும் புதிதாக இருக்கிறது. கெமிஸ்ட்ரி லேபில் நடந்த விபத்தில் முகம் சிதைந்த விரிவுரையாளருக்கு அழகான ஒரு பெண் மனைவியாக அமைகிறாள். 'இவள் யட்சியோ' என்ற சந்தேகம் அவனைத் தின்கிறது. நம் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்' சின்னக் கதை. பேய் இருப்பதாகச் சொல்லப்படும் வீட்டில் தனியாகக் குடியேறும் எழுத்தாளன், அவளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசத் தொடங்குகிறான். பயம் மெல்ல நட்பாகும் கதை. 1964-ல் 'பார்கவி நிலையம்' என்றும், 2023-ல் 'நீலவெளிச்சம்' என்றும் படமானது.

டி.டி. ராமகிருஷ்ணனின் 'பிரான்சிஸ் இட்டிக்கோரா' (2009) தமிழிலும் கிடைக்கிறது. மனித மாமிசம், பாலியல் வன்முறை, கணிதம், மிளகு வணிகம் எல்லாம் கலந்தது. எல்லோருக்கும் நீட்டக்கூடிய புத்தகம் இல்லை. 2024-ல் மம்முட்டி நடித்த 'பிரமயுகம்' படத்துக்கு வசனம் எழுதியவரும் இவர்தான்.

படம் மட்டும் பார்க்கும் நண்பர் என்றால் 'பிரமயுகம்', 'லோகா சாப்டர் 1: சந்திரா' (2025) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'லோகா'வின் நாயகியே கள்ளியங்காட்டு நீலி. அங்கே கத்தனார் அவளை அடக்குபவராக வரவில்லை, துணையாக வருகிறார். மலையாளக் கதை, தமிழ்ப் பக்கத்து இசக்கியை நோக்கி ஒரு அடி நகர்ந்திருக்கிறது.

வெளிநாட்டில் இப்போது என்ன நடக்கிறது?

இதே திசைதான். அர்ஜென்டினாவின் மரியானா என்ரிகேஸ் 2019-ல் ஸ்பானிஷில் எழுதிய 'அவர் ஷேர் ஆஃப் நைட்' நாவலில் அமானுஷ்ய வழிபாட்டுக் கும்பலும், 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆட்கள் காணாமல் போன நாட்டில் பேய்க்குப் பஞ்சமா?

தென்கொரியாவின் போரா சுங் எழுதிய 'கர்ஸ்ட் பன்னி' 2022-ல் சர்வதேச புக்கர் இறுதிப்பட்டியலுக்கு வந்தது. தலைப்புக் கதையில், நேர்மையாகத் தொழில் செய்த ஒரு குடும்பத்தைப் பெரிய கம்பெனி அவதூறு பரப்பி அழிக்கிறது. பழிவாங்க ஒரு முயல் பொம்மை விளக்கு அனுப்பப்படுகிறது. கார்ப்பரேட் வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் கதை.

நண்பருக்குச் சொல்லும்போது என்ன கவனிக்கணும்?

முதலில், "உனக்கு எதைப் பார்த்தா பயம்?" என்று கேளுங்கள். ரத்தம் பிடிக்காதவருக்கு 'காஞ்சனை', 'நீலவெளிச்சம்'. மெதுவாக நகர்ந்தால் பொறுமை போய்விடும் என்பவருக்கு 'நிழல்வெளிக் கதைகள்'.

அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "இதுல குழந்தைக்கு ஆபத்து வருது", "இதுல பாலியல் வன்முறை இருக்கு" என்றால் போதும். இதனால் சஸ்பென்ஸ் உடையாது. அண்மையில் குழந்தையை இழந்தவரிடமோ, வன்முறையிலிருந்து மீண்டவரிடமோ தெரியாமல் தவறான புத்தகத்தைக் கொடுத்துவிட்டால், அந்தப் பயம் பொழுதுபோக்காக இருக்காது.

மூன்றாவது, எந்த மொழியில் சரளமாகப் படிப்பார் என்று பாருங்கள். பாறசாலை நண்பர் உங்களோடு தமிழில் அரட்டையடிப்பார், ஆனால் புத்தகம் என்றால் மலையாள எழுத்துதான் ஓடும். அவரிடம் 'யட்சி'யை மலையாளத்தில் படிக்கச் சொல்லிவிட்டு, 'காஞ்சனை'யை நீங்கள் வாசித்து வாய்ஸ் நோட்டாக அனுப்பலாம். தமிழ் மட்டும் படிப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் கைகொடுப்பார்கள். குமரி மாவட்டத்தின் குளச்சல் மு. யூசுப் பஷீரின் பல நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ஜி.ஆர். இந்துகோபனின் 'திருடன் மணியன்பிள்ளை' மொழிபெயர்ப்புக்காகச் சாகித்ய அகாடமி விருது பெற்றவர்.

இதெல்லாம் ஏன் முக்கியம்?

நீலி கதை பிழைத்தது புத்தகத்தால் மட்டும் இல்லை. கோயில் கொடையில் விடிய விடிய வில்லடித்துப் பாடியவர்கள், திண்ணையில் பேரப்பிள்ளைக்குச் சொன்ன பாட்டிகள், இவர்கள் வாய் வழியாக வந்தது. எல்லையோரக் கிராமங்களில் அந்தத் தமிழ்ச் சொல்வழக்கு தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்தால், ஆணி அடித்த கதை அச்சில் இருக்கும். கோயில் கட்டிய கதை காதோடு போய்விடும். அப்போது நமக்கு மிஞ்சுவது பேய் மட்டும். அவளைப் பேயாக்கியது யார் என்ற கேள்வி மிஞ்சாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பாட்டியிடமோ பெரியம்மையிடமோ, "நம்ம ஊரு இசக்கி யாரு, உயிரோட இருக்கும்போது அவ பேரு என்ன?" என்று கேட்டு, போனில் ரெக்கார்டு செய்யுங்கள். நண்பர் அடுத்த தடவை "நல்ல ஹாரர் சொல்லு" என்று கேட்கும்போது, முதலில் அனுப்ப உங்களிடம் ஒரு கதை தயாராக இருக்கும்.