தோட்டத்து மூலையில் ஒரு காவு

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழர்களாகிய நாம், அந்நகரின் பெயரைச் சொல்லும் போதெல்லாம் ஒரு நாகத்தின் பெயரைச் சொல்கிறோம். பத்மநாபசுவாமி கோயில் நிற்கும் இடம் முற்காலத்தில் அனந்தன்காடு என்னும் வனமாக இருந்தது என்பது தலவரலாறு. அங்கே ஓர் இலுப்பை மரம் சாய, வில்வமங்கலத்துச் சாமியாருக்கு அனந்தசயனனாக இறைவன் காட்சி தந்தானாம். கோயிலுக்கு அணித்தேயுள்ள அனந்தன்காடு நாகராஜர் ஆலயம் அப்பெயரை இன்றும் காத்து வருகிறது.

காடு ஊரான பின்னரும், அதன் ஒரு துண்டை மலையாள மக்கள் தம் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டனர். அதுவே சர்ப்பக்காவு. பெரும்பாலும் மனையின் தென்மேற்கு மூலையில் இருக்கும். வெட்டுக்கல்லால் ஒரு மேடை, அதன்மேல் கல்லில் செதுக்கிய நாகங்கள், சித்திரகூடம் எனப்படும் சிறு கல்மாடம். மனிதர் கைபட்டது இவ்வளவே. மகிழும் ஏழிலைப்பாலையும் எட்டியும் தம்போக்கில் வளர்ந்தன, கொடிகள் பின்னின. அங்கே கத்தி வைத்தல் ஆகாது. விழுந்த சுள்ளியையும் அடுப்புக்கு எடுத்தல் ஆகாது. எனவே பட்ட மரத்தின் பொந்தில் ஆந்தை தங்கியது. மட்கிய சருகில் தவளையும் அரணையும் வாழ்ந்தன. அவற்றைத் தேடிப் பாம்பும், பாம்பைத் தேடிக் கீரியும் வந்தன. பெய்த மழை ஓடிவிடாமல் சருகிடையே நின்று மண்ணில் ஊறியது. ஆயில்ய நாளில் நூறும் பாலும் படைப்பதும், புள்ளுவர் குடமும் வீணையும் இசைத்துப் பாடுவதும் அங்கே வழக்கம்.

நமக்கும் இவ்வழிபாடு புதிதன்று. 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியில் இருந்த நாகர்கோவிலில், நாகராஜர் கருவறைக்கு ஓலைக் கூரையே. அங்குள்ள மண்ணே பிரசாதம்.

காவுகள் குறைந்ததற்குப் பக்தி குறைந்ததே காரணம் என்பார் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. காவைக் காத்தது அச்சம் மட்டுமன்று. பிரிக்கப்படாத நிலமும் அதைக் காத்தது. திருவிதாங்கூரில் 1925-இல் வந்த நாயர் சட்டம், தறவாட்டுச் சொத்தில் தம் பங்கைப் பிரித்துக் கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்தது. நியாயமான உரிமைதான். ஆயினும், எட்டுப் பேர் பங்கிட்ட மனையில் காவு யார் பங்கு? 1975-ஆம் ஆண்டுச் சட்டமோ கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையையே நீக்கிவிட்டது. அப்போதும் அச்சம் போகவில்லை. மரத்தை வெட்டுமுன் நாகங்களைச் சடங்கோடு எழுந்தருளச் செய்து, ஹரிப்பாட்டை அடுத்த மண்ணாறசாலைக்கோ பாம்புமேக்காட்டு மனைக்கோ கொண்டு சேர்த்தனர். ஆந்தையையும் அரணையையும் அவ்வாறு கொண்டு செல்வார் இல்லை.

சிறு மனையில் குடியிருக்கும் நாம் காவு வளர்க்க இயலாது. ஆனால் வாயிலுக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் எட்டத்தில், மதிலோரம் இரண்டு பழைய மரத்துண்டு, சில கற்கள், தீயிட்டுக் கொளுத்தாத சருகு ஆகியவற்றைக் குவித்து வைக்கலாம். அரணைக்கும் தவளைக்கும் அது போதும். பாம்பு வந்துவிட்டால் அடிக்க வேண்டுவதில்லை. கேரள வனத்துறையிடம் பயிற்சி பெற்ற தொண்டர்கள் வந்து பிடித்துச் சென்று, காட்டில் விடுவார்கள்.