கடற்படைக் கல்வியும் அட்மிரல் ராமதாஸும்

கல்கத்தாவின் டாலிகஞ்சில் மெட்ரோ ரயிலின் தூண்கள் ஊன்றி நிற்க, சேறும் சகதியுமாய் ஒடுங்கிக் கிடக்கும் டாலி கால்வாயைப் பார்ப்பவர்கள், முற்காலத்தில் கங்கையின் பிரவாகம் ஆதிகங்கை என்ற திருநாமத்தோடு அவ்வழியேதான் கடலை நாடிச் சென்றது என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். தூர்ந்துபோன அந்த நதிப்பாதையை, 1775 முதல் 1777 வரையிலான காலத்தில், வில்லியம் டாலி என்ற ஆங்கில அதிகாரி வெட்டித் திருத்தினார். கால்வாயும் ஊரும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. கங்கையின் கிளையாகிய ஹூக்ளி நதி வண்டல் படிந்து ஓயாமல் ஆழம் மாறும் இந்தத் தேசத்தில், ஒருமுறை அளந்த அளவு என்றைக்கும் செல்லுபடியாவதில்லை. அந்த நதியை அளக்கும் உத்தியோகத்தில் இளமையைக் கழித்த ஒருவரே பின்னாளில் இந்தியக் கடற்படைக்கு முதல் இந்தியத் தளபதியானார். அவருடைய மருமகன் அக்கடற்படைக்கு ஓர் அகாடமியை நிறுவித் தந்தார். ஒரு தேசத்தின் கடற்படை முழுமையான சுதந்திரம் அடைவது கப்பல்களை வாங்கும் நாளில் அன்று, தன் அதிகாரிகளைத் தன் கரையிலேயே பயிற்றுவிக்கும் நாளில்தான் என்பதை இவ்விருவரின் வாழ்க்கையைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மாமனாரின் காலத்தைக் கவனிப்போம். அந்நாளில் இந்தியருக்குக் கடற்படை உத்தியோகம் ஏறக்குறைய அடைபட்ட கதவாகவே இருந்தது. டி. என். முகர்ஜி என்பவர் 1928இல் பொறியியல் அதிகாரியாக நியமனம் பெற்றதே முதல் திறப்பு. செங்கற்பட்டில் 1911இல் பிறந்த அந்த மாமனார், ராம்தாஸ் கட்டாரி, வர்த்தகக் கப்பல்களுக்கு இந்திய அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் பொருட்டு 1927இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பலின் முதல் மாணவர்களுள் ஒருவர். பயிற்சி முடிந்தபின் அவருக்கு வாய்த்த பணி கல்கத்தாவில் ஹூக்ளி நதி அளவை. இரண்டாம் உலக யுத்தம் மூண்ட பிறகே கடற்படை அவரை ஏற்றுக்கொண்டது. அவர் 1958 ஏப்ரல் 22ஆம் நாள் தலைமைத் தளபதிப் பதவியை ஏற்றபோது, தேசம் சுதந்திரமடைந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன.

மருமகனாகிய லட்சுமிநாராயண ராமதாஸ் 1933 செப்டம்பர் 5ஆம் நாள் பம்பாயின் மாதுங்காவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். முப்படைகளுக்கும் உரிய இளைஞர்களை ஒருங்கே பயிற்றுவிக்க டேராடூனில் 1949இல் ஏற்பட்ட கூட்டுப் பிரிவில் அவ்வாண்டிலேயே சேர்ந்து, 1953இல் அதிகாரியாக நியமனம் பெற்றுச் செய்தித் தொடர்புத் துறையில் விசேஷப் பயிற்சி அடைந்தார். அந்தக் கூட்டுப் பிரிவே பின்னர் கடக்வாஸ்லாவுக்குப் பெயர்ந்து தேசியப் பாதுகாப்பு அகாடமியாக மலர்ந்தது. எனினும், கடற்படையைத் தேர்ந்த மாணவர்கள் தொடக்கக் கல்வியை இங்கே பெற்று, மேற்பயிற்சிக்குப் பிரிட்டனுக்குச் செல்வதே அக்கால வழக்கம். ஆகவே அந்தத் தலைமுறையினரின் பயிற்சி, பாதி சுதேசமும் பாதி பரதேசமுமாக இருந்தது.

மூன்றாம் படி 1969இல் அமைந்தது. சோவியத் நாட்டிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் வந்துசேர, விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கட்டளை உருவாக, கடற்படை விரைந்து விரிந்த காலம் அது. கப்பல்கள் பெருகப் பெருக அதிகாரிகளின் தேவையும் பெருகிற்று. அப்போது தலைமைத் தளபதியாக இருந்தவர், அட்மிரல் என்ற முழுப் பதவியை முதலில் எய்திய வங்காளியான அதர்குமார் சாட்டர்ஜி. கொச்சியில் கடற்படைக்கென்றே ஓர் அகாடமியை ஸ்தாபிக்கும் பொறுப்பு ராமதாஸிடம் வந்தது. மூன்றே மாதங்களில் அதை அவர் நிறைவேற்றினார். கொச்சி ஏற்கெனவே கடற்படைப் பயிற்சியின் கேந்திரமாக இருந்தமையால், செய்யவேண்டியிருந்தது பெரும்பாலும் கட்டட வேலை அன்று. பாடத்திட்டம், ஆசிரியர், ஒழுங்குமுறை ஆகியவற்றின் சிருஷ்டியே என்று கருத இடமுண்டு. கணிதமும் வானசாஸ்திரமும் அறிந்து, விண்மீனைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணிக்கவும், கயிற்றையும் சமிக்ஞையையும் கையாளவும், கீழ்ப்பட்டோரின் நலத்தைத் தன் நலமாகக் கொள்ளவும் ஓர் இளைஞனைப் பழக்குவது, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பும் வேலையைவிடக் கடினமானதல்லவா?

இரண்டே ஆண்டுகளில் ஆசிரியரும் பரீட்சைக்கு உள்ளானார். 1971 டிசம்பர் யுத்தத்தில், நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் கிழக்குக் கட்டளையை நடத்த, ராமதாஸ் ‘பியாஸ்’ போர்க்கப்பலின் தலைவராக விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தோடு வங்கக் கடலில் நின்று, கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்த முற்றுகையில் பங்குகொண்டு வீர சக்ர விருது பெற்றார். 

அகாடமி 1986இல் கோவாவுக்கும், 2009இல் கேரளத்தின் எழிமலைக்கும் பெயர்ந்து வளர்ந்தது. சங்கச் சான்றோர் நன்னன் என்ற மன்னனுக்கு உரியதாகப் பாடிய ஏழில் குன்றமே அது என்பதை எண்ணும்போது தமிழுள்ளம் பூரிக்கிறது. ராமதாஸ் 1990 நவம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை தலைமைத் தளபதியாக விளங்கினார். அவர் காலத்தில், 1992இல், பெண்கள் கடற்படை அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டனர். அடைபட்ட கதவின் துயரை மாமனாரின் வாழ்க்கையில் கண்டவர், தம் கையிலிருந்த கதவை மற்றவர்க்குத் திறந்தது பொருத்தமே.

ஓய்வுக்குப் பின், தாம் யுத்தம் புரிந்த பாகிஸ்தானின் மக்களோடு சமாதானம் வேண்டி உழைத்தார். அதற்காக 2004இல் மக்சேசே விருதை அந்நாட்டின் மனித உரிமைப் பணியாளர் இப்னு அப்துர் ரஹ்மானுடன் பகிர்ந்துகொண்டார். 2024 மார்ச் 15ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், மறைந்தார்.

டஃபரினில் தொடங்கிய கட்டாரி, பாதிப் பயிற்சிக்குப் பரதேசம் நோக்கிய தலைமுறையின் ராமதாஸ், சுதேசக் கரையிலேயே வளர்ந்த அவருடைய மாணவர் என இம்மூன்று தலைமுறைகளில் ஒரு கடற்படையின் கல்வி தன் வீடு வந்து சேர்ந்தது. கட்டாரி அளந்த ஹூக்ளியின் ஆழம் இன்று மாறிப்போயிருக்கும். அவர் குறித்த எண்கள் இனி எந்தக் கப்பலுக்கும் வழிகாட்டமாட்டா. ஆனால் மறுபடியும் இறங்கி அளப்பதற்கு ஆட்களைப் பழக்கிவைத்த தேசம், நதி எத்தனை முறை பாதை மாறினாலும் தன் வழியைக் கண்டுகொள்ளும். ராமதாஸ் கொச்சியில் செய்த பணியின் பெருமை அதுவே.