வெளியேற்றத்துக்குப் பின் ஒரு குடும்ப அல்பம்

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் வழக்கமாகக் காணி உறுதியையும் காவின் பதிவையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் தேடிப் போவார்கள். போட்டோவை யாரும் பெரிதாகச் சான்றாக எடுப்பதில்லை. யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்த எங்கள் குடும்பத்துக்காகக் கடந்த ஒரு வருடமாக ஓர் அல்பம் தொகுத்து வருகிறேன். எந்தப் படத்தை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்ற கேள்விகள் எல்லாமே வரலாற்றுக் கேள்விகளாக வந்து நின்றன. வடபுல முஸ்லிம்களான எங்களுக்கு இந்த வேலை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதனால் செய்த விதத்தை இங்கே பதிகிறேன்.

முதலில் எங்கட வீடுகளில் போட்டோ இருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட புகைப்படக்கலை சில ஆண்டுகளிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே போன்ற கொழும்பு ஸ்டூடியோக்களில் வசதி படைத்தோர் படம் எடுத்துக்கொண்டார்கள். உருவப்படம் உள்ள வீட்டுக்குள் மலக்குகள் வரமாட்டார்கள் என்ற ஹதீஸ் காரணமாக எங்கள் சமூகத்தில் தயக்கம் இருந்தது. எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முத்தீஈ, கமரா புதிதாக ஓர் உருவத்தைப் படைக்கவில்லை, விழுகின்ற நிழலைப் பிடித்து வைக்கிறது என்று வாதித்துப் புகைப்படத்தை ஆகுமாக்கி எழுதினார். அதை ஏற்காத உலமாக்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இந்த விவாதம் முடியும்வரை காத்திராமல் எங்கட வீட்டார் தங்களுக்கு ஒரு வழியைக் கண்டுகொண்டார்கள். சுவரில் படம் மாட்டுவதில்லை. அலுமாரிக்குள் பிஸ்கற் பேணியில் போட்டு வைப்பார்கள்.

பலரை ஸ்டூடியோவுக்குள் கூட்டிப் போனது அரசாங்கத்தின் தேவைதான். ஹஜ்ஜுக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972இல் தேசிய அடையாள அட்டை வரத் தொடங்கியபோது, அதுவரை கமரா முன்னால் நிற்காத பெண்களும் நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் சேகரிப்பில் மூத்த பெண்களின் படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அடையாள அட்டைக்கு எடுத்தவை. முத்திரை அளவுப் படம், நேர்ப் பார்வை, முகத்தில் ஒரு பயம். அவர்களுடைய முகத்தைக் குடும்பத்துக்குத் தந்தது ஒரு விண்ணப்பப் படிவம்.

அந்தப் பேணிகளும் போயின. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் 30ஆம் திகதி எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லிக் கூட்டிய பிறகு, பணமும் நகையும் உறுதியும்கூட எல்லோருக்கும் மிஞ்சவில்லை. அல்பத்தை யார் தூக்குவது? எனக்கு அப்போது பத்து வயது. உம்மாவின் கையில் இருந்தது தம்பியும் ஒரு சீலைப் பையும்தான்.

ஆகவே இன்று என்னிடம் உள்ள 112 படங்களில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருந்ததல்ல. எல்லாம் பிறர் வீட்டிலிருந்து வந்தவை. கொழும்பில் கல்யாணம் முடித்த பெரியம்மாவுக்குத் தபாலில் போனவை, சவூதியில் வேலை செய்த மாமா பேர்ஸில் வைத்திருந்தவை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வாப்பா யாழ்ப்பாணம் போனபோது, அவரோடு கடை நடத்திய தமிழ் நண்பரின் வீட்டில் எங்கள் உம்மா வாப்பாவின் கல்யாணப் படம் கிடைத்தது. அவர்களும் இடையில் இரண்டு முறை இடம்பெயர்ந்தவர்கள். "எங்கட பிள்ளையளின்ர படத்தோட சேர்த்து இதையும் கொண்டு திரிஞ்சம்" என்று அந்த வீட்டு அம்மா சொன்னாராம். நாங்கள் வைத்துக்கொண்டவை அழிந்தன, கொடுத்தவை மிஞ்சின.

அடுத்தது ஆண்டு குறித்தல். பின்பக்கம் எழுதாத படங்களே அதிகம். வெள்ளை ஓரம் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் 1960களுக்குள் வரும். சிவப்பேறிய கலர்ப் படம் 1970களின் கடைசியோ 1980களோ. உடுப்பும் உதவும். உம்மாவின் வாப்பாவுடைய வாப்பா இருக்கும் குழுப்படத்தில் ஆறு பேர் துருக்கித் தொப்பி போட்டிருக்கிறார்கள். 1905இல் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்ற அனுமதி மறுக்கப்பட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த சட்டத்தரணி எம். சீ. அப்துல் காதர். அவ்வருடம் டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசலில் கூடிய பெருங்கூட்டம் அதை உரிமைப் பிரச்சினையாக்கி வென்றது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தத் தொப்பி எங்கட ஆண்களின் மரியாதை உடுப்பாயிற்று. ஆகவே தொப்பியை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல முடியாது. ஆனால் ஸ்டூடியோவுக்கு அவர்கள் எந்த நினைப்போடு போனார்கள் என்பதைத் தொப்பி சொல்கிறது.

வாய்மொழியைப் பத்திரத்தோடு ஒப்பிடவும் வேண்டும். ஒரு படத்தை 1948ஆம் ஆண்டுக் கல்யாணப் படம் என்றே எல்லோரும் சொல்லி வந்தார்கள். அதில் மடியில் இருக்கும் பிள்ளை சாச்சாதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சாச்சாவின் பிறப்பத்தாட்சியோ 1951 என்கிறது. அது வேறு யாருடையவோ கல்யாணம். தலைப்பை மாற்றி, வீட்டார் சொல்லிவந்த கதையையும் கீழே குறித்தேன். கதை பிழையானாலும் அதுவும் குடும்பத்தின் சொத்து.

தெரிவுதான் கஷ்டம். 112இல் 60 படத்துக்கே இடம். 1995க்குப் பிந்திய கல்யாணங்களில் ஒன்றுக்கு ஒன்று மட்டும் எடுத்தேன். வெளிநாட்டுப் பணம் வந்த வீட்டாரின் படங்கள் இல்லாதோரின் படங்களை மூடிவிடக் கூடாது. பிள்ளையில்லாத மாமியையும், கடையில் நின்று எங்களோடு வளர்ந்த பெடியனையும் சேர்த்தேன். "அவன் எங்கட குடும்பமா?" என்று கேட்டார்கள். படத்தில் வாப்பாவின் தோளில் கைபோட்டு நிற்கிறான், வேறென்ன சொல்ல?

பெரிய வாக்குவாதம் உம்மம்மாவின் படத்தில் வந்தது. அவ வாழ்நாளில் எடுத்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். சாச்சி சொன்னா: "அந்நிய ஆம்பிளைக்கு முகம் காட்டாம மௌத்தான மனிசி. அல்பத்தை வாறவன் போறவன் எல்லாம் பார்ப்பான். போடாத." பேத்திமார் அவவின் முகத்தைப் பார்க்கவே ஆசைப்பட்டார்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில் படத்தை ஒரு கடித உறைக்குள் வைத்து அந்தப் பக்கத்தில் ஒட்டினேன். குடும்பத்துப் பிள்ளைகள் திறந்து பார்க்கலாம். பக்கத்தின் மேலே, அவ கொழும்புக்கு மகளுக்கு அரபுத்தமிழில் எழுதிய கடிதத்தின் பிரதி இருக்கிறது. அவவுக்கு எழுதத் தெரியாது என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். பள்ளிக்கூடத் தமிழ் தெரியாதவர்களை எழுத்தறிவற்றவர்கள் என்று கணக்கெடுத்துப் பழகியதன் விளைவு அது.

ஒழுங்கைப் பொறுத்தவரை, முதல் பக்கத்தில் ஆளில்லை. சோனகதெரு வீட்டின் வரைபடம் இருக்கிறது. வாப்பா சொல்லச் சொல்ல நான் வரைந்தது. கிணறு, முன்விறாந்தை, முருங்கை எல்லாம் அதில் உண்டு. 1990 ஒக்டோபர் முதல் மூன்று வருடத்துக்கு எங்களிடம் ஒரு படமும் இல்லை. கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம் அது. அந்த இடத்தை அடுத்த படத்தால் நிரப்பவில்லை. இரண்டு பக்கத்தை விட்டு, நிவாரண அட்டையின் பிரதியை மட்டும் வைத்தேன். படம் ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

செய்முறையில் சில: பசை தடவிய பிளாஸ்டிக் தாள் அல்பம் வேண்டாம், அது படத்தை மஞ்சளாக்கும், மூலை ஒட்டிகளே நல்லது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஸ்கேன் செய்து குறைந்தது மூன்று ஊரில் மூன்று வீட்டில் வையுங்கள்.

எங்கள் தலைமுறையின் போனில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. ஒன்றிலும் பெயரில்லை. சாச்சிக்கு இப்போது எண்பது வயது. அந்தத் துருக்கித் தொப்பிக்காரர் ஆறு பேரில் நாலு பேரை அவ சொல்லித் தந்துவிட்டா. மற்ற இரண்டு பேரை அறிந்தவர் நீர்கொழும்பில் ஒருவர் இருக்கிறாராம். பள்ளி லீவு விட்டதும் படத்தோடு அங்கே போக இருக்கிறேன்.