கீச்சிடும் பிரேக்: ஒரு செங்கல்பட்டு ஜில்லா வரலாறு

பிரேக்கின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாம திருக்கழுக்குன்றத்தில் ஆரம்பிக்கலாம். சித்திரையில் வேதகிரீஸ்வரர் தேர் வரும்போது எல்லார் கண்ணும் வடத்தின் மேல்தான் இருக்கும். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி நடக்கும் முட்டுக்கட்டைக்காரரை யாரும் கவனிப்பதில்லை. ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டையை அவர் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார். தேர் நிற்கும், அல்லது திரும்பும். கட்டை கிறீச்சென்று கத்தும். சக்கரத்தைத் தடுக்க இன்னொரு பொருளை வைத்துத் தேய்க்கணும், தேய்கிற பொருள் சத்தம் போடும். கார் பிரேக்கும் இதேதான். (பக்கத்தில் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சக்கரமே கிடையாது.)

இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப்பாதைகளில் வண்டிக்காரர்கள் மரப் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை அடித்து வைத்திருந்தார்களாம். அதைப் பார்த்து யோசனை பிடித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897ல் தொடங்கியதுதான் ஃபெரோடோ கம்பெனி. அடுத்த சில வருஷங்களிலேயே, 1902ல், ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இரும்பு டிஸ்க்கை செம்பு கவ்வியது. வண்டி நின்றது, ஆனால் காது கிழிகிற கூச்சல். உலோகத்தோடு உலோகம் உரசினால் வேறென்ன நடக்கும்? ஃப்ரூட்தான் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங்கோடு வந்து வாயை அடைத்தார். ஆக, கீச்சு சத்தம் டிஸ்க் பிரேக்குக்கு வந்த வியாதி இல்லை, கூடவே பிறந்தது.

இனி நம்ம ஊர். டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் தரப்பும் சேர்ந்து 1962ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். 1964ல் ரானே பிரேக் லைனிங்ஸ், 1974ல் பாடியிலேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இன்றைக்குப் பாடியும் அம்பத்தூரும் சென்னை. அன்றைக்கு செங்கல்பட்டு ஜில்லா! 1997ல் அந்த ஜில்லா காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று உடைந்தது. 2019ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகத் திரும்பி வந்தபோது பாடி அதில் இல்லை. பதிலுக்குக் கார் பூமியான மறைமலை நகர் இருந்தது. 1999ல் ஃபோர்டு ஐகான் வெளிவந்தது அங்கிருந்துதான்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்முக்குள் சேர்ந்த தூசியை ஒர்க்‌ஷாப்பில் காற்றடித்து ஊதுவார்கள், இல்லையென்றால் வாயாலேயே ஊதுவார்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் தூசி. நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா எல்லாம் பல பத்து வருஷம் கழித்துத்தான் தலை காட்டும். அமெரிக்கா 1989ல் தடை போட்டது, 1991ல் நீதிமன்றம் பெரும்பகுதியை ரத்து செய்தது, கிரைசோடைல் வகைக்கு மறுபடி தடை வர 2024 ஆனது. சத்தத்தை அடக்க வந்த பொருளுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது பிரேக் வரலாற்றில் கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பாகத்தான் இருக்கிறது. எனக்கு அது முதல் பக்கத்துச் செய்தி.

சரி, ஏன் கீச்சிடுகிறது? 1938ல் மில்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன விளக்கம்: வேகம் குறையக் குறைய உராய்வு கூடுகிறது, அதனால் பேட் ஒட்டி ஒட்டி விடுகிறது. வயலின் வில் தந்தியில் செய்கிற அதே வேலை. 1961ல் ஸ்பர் இன்னொன்று சொன்னார்: உராய்வு மாறாமலே இருந்தாலும், பேட் ஒரு குறிப்பிட்ட சாய்வில் முட்டுக்கொடுத்தால் அது தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு, வளைந்து, நழுவும். (முட்டுக்கட்டைக்காரருக்கு இது சமன்பாடு இல்லாமலே தெரியும்.) பிறகு 1970களில் டிஸ்க்கும் பேடும் காலிப்பரும் சேர்ந்து அதிர்கிற கணக்கு வந்தது. இதில் எது மாறினாலும் சத்தம் வரும், போகும். மென்பொருள்காரர்கள் வெறுக்கிற, மெக்கானிக் முன்னால் மட்டும் வராத பக் இது.

நம்ம கடற்கரைக்கு இன்னொரு கோளாறு உண்டு. டிஸ்க் வார்ப்பிரும்பு. ஈசிஆர் ஓரம் ராத்திரி நிறுத்தினால் உப்புக்காற்றில் காலைக்குள் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். முதல் நாலைந்து பிரேக்கில் கரகரவென்று போய்விட்டால் அது வியாதி இல்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் இதற்கே டிஸ்க், பேட் எல்லாம் மாற்றணும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். நான் மாற்றவில்லை, மூன்று வருஷமாக அதே டிஸ்க்.

ஆனால் போகாத சத்தத்தைப் பார்த்தே ஆகணும். பிரேக் மிதிக்காதபோதே மெல்லிய கீச்சு, மிதித்தால் நிற்கிறது என்றால், பேட் தேய்ந்து எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். எல்லா பேடிலும் இந்தத் தகடு இருக்காது, அதனால் கண்ணால் பார்ப்பதுதான் உறுதி. உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. 'கர்ர்' என்று அரைத்தால் இரும்பு இரும்பைத் தின்கிறது, வண்டியை எடுக்கவே கூடாது.

வீட்டில் செய்வதென்றால் சமதரை, மற்ற சக்கரங்களுக்கு முட்டு (கல் போதும்), ஜாக்கியோடு கூட ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வீலுக்கு உள்ளே கை விட வேண்டாம். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியில் கட்டுங்கள். உள்பக்கப் பேட் அதிகமாகவும் வெளிப்பக்கப் பேட் குறைவாகவும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது. கடலோர வண்டிகளில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். துடைத்து சிலிக்கான் கிரீஸ் போட்டால் பாதி சத்தம் அங்கேயே நிற்கும். பேடின் முதுகுத் தகட்டில் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் மெல்லிசாக. முகத்தில் ஒரு பொட்டு பட்டாலும் அந்தப் பேட் குப்பைக்குத்தான். பேட் பளபளப்பாக இறுகியிருந்தால் முகமூடி போட்டு, நனைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். தூசியை ஊத வேண்டாம், ஈரத்துணிதான்.

புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மேலேறும், பெயிண்டில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் மாட்டியபிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதி தரை வரைக்கும் போகும்.