டோனர் கணவாயில் பனி அகற்றிய கதை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் இருப்புப்பாதை 1869-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் நிறைவுற்றது என்று ஆண்டுதோறும் மாணவர்களை எழுதச் செய்திருக்கிறேன். ஆனால் அப்பாதையைப் பனியிலிருந்து மீட்டவர்கள் யாவர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கடனை இன்று ஓரளவு தீர்க்க விரும்புகிறேன்.

கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலைத்தொடரில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது டோனர் கணவாய். அங்கே சென்ட்ரல் பசிபிக் கம்பெனியார் கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளமுள்ள சுரங்கப்பாதை அமைத்துக்கொண்டிருந்தனர். 1866-67 குளிர்காலத்தில் சிறிதும் பெரிதுமாக 44 பனிப்புயல்கள் வீசின. அவற்றுள் ஒன்று மட்டும் 10 அடிப் பனியைக் கொட்டிவிட்டது.

கம்பெனியார் முன்னேற்பாடு செய்யாமல் இல்லை. ஆப்பு வடிவத்தில் மரத்தாற் பெரிய பனிக்கலப்பைகள் செய்து, இரும்புத் தகடு போர்த்தினார்கள். தண்டவாளத்தை விட்டு மேலே எழும்பாதிருக்க உள்ளே இரும்புப் பாளங்களை ஏற்றினார்கள். பின்னால் பல எஞ்சின்களைப் பூட்டி, சற்றே பின்வாங்கி, விரைந்து வந்து மோதுவதே முறை. ஆட்டுக்கிடாய் முட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்! புதிதாய் விழுந்த பனி விலகிற்று. ஈரமேறி இறுகிய பனியோ அசையவில்லை. கலப்பைதான் அதிற் சிக்கிக்கொண்டது.

பிறகு எஞ்சிய கருவி மண்வாரி ஒன்றே. அதைப் பிடித்த கைகளிற் பெரும்பாலானவை சீனத்தின் தென்பகுதியிலிருந்து வந்த தொழிலாளருடைய கைகள். பனி முழுவதையும் அகற்ற இயலாதென்று கண்டபோது அவர்கள் பனிக்குள்ளேயே வழி குடைந்தார்கள். 50 அடி முதல் 200 அடி வரை நீண்ட குகைவழிகள் அவை. இரண்டு குதிரை பூட்டிய வண்டி செல்லுமளவு அகன்றதும் உண்டு. மேலே புயல் சீறியது. கீழே பாறை உடைக்கும் வேலை நிற்கவில்லை. ஆனால் பனிச்சரிவுகள் முகாம்களையே அடித்துச் சென்றன. அடுத்த பருவத்தில் பனி உருகிய பின்னரே பலருடைய உடல்கள் கிடைத்தன என்று, கட்டுமான மேலாளர் ஸ்ட்ரோபிரிட்ஜ் 1887-இல் விசாரணைக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார்.

இறுதியில், பனியை வாருவதைவிடப் பாதைமேல் விழாமல் தடுப்பதே மேல் என முடிவாயிற்று. 1869-க்குள் ஏறத்தாழ 37 மைல் நீளத்துக்கு மரக்கூரைகள் எழுந்தன. எஞ்சின் பொறியால் அவை தீப்பற்றுமே! ஆகவே தண்ணீர் ஏற்றிய ரயில்களை ஆயத்தமாக நிறுத்தவேண்டியதாயிற்று.

சுழலும் அலகுகளாற் பனியை வெட்டித் தூர வீசும் கலப்பைக்கு, அதே 1869-இல் வடிவம் கண்டவர் எலியட் என்னும் கனடா நாட்டார். தொழிலாற் பல் மருத்துவர். இந்த எண்ணம் அவருக்கு எங்ஙனம் தோன்றிற்றோ! அவ்வகைக் கலப்பை உருவாகி ஓடியது 1880-களில்தான். டோனர் கணவாயில் மண்வாரி பிடித்தவர்களுக்கு அது உதவவில்லை. கம்பெனியின் ஊதிய ஏடுகளிற் பெரும்பாலும் அவர்களுடைய குழுத்தலைவர் பெயர்களே உள்ளன. மாண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.