கரவெட்டியில் வேதக் கோயில் மணி

வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவிகள் பலரிடம் ஊர்க் காணி உறுதியின் பிரதி ஒன்றாவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். காணி கரவெட்டியில் என்றால், வடமராட்சிப் பிரிவு, கட்டைவேலிக் கோயிற்பற்று என்று எழுதியிருக்கும். காணிக்காரர் பரம்பரைச் சைவராக இருப்பார். ஆனால் உறுதியில் வரும் கோயில் கிறிஸ்தவக் கோயில்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் ஊர்களைக் கோயில்களின் கீழ் வகுத்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அந்தப் பகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1672இல் நூல் வெளியிட்ட பால்டேயுஸ் பாதிரியார் வடமராட்சியில் குறிப்பிடும் கோயில்களில் கட்டைவேலியும் ஒன்று. கோயிலோடு பள்ளிக்கூடம் இருந்தது. ஞானஸ்நானமும் கலியாணமும் பதியும் தோம்பு உபாத்தியாயர் கையில் இருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைக்காகப் பெற்றோர் தண்டப்பணம் கட்டினார்கள். கோயிற்பற்று என்பது முதலில் அதிகாரத்தின் எல்லை.

அக்காலத்து மணி ஒன்றின் கதை சுவையானது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்தில் தொங்கிய மணியில், புதுமை மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் போர்த்துக்கேய மொழியில் பொறிக்கப்பட்டிருந்தன. கத்தோலிக்கத்தைத் தடைசெய்தவர்கள் கத்தோலிக்கரின் மணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெண்கலத்துக்குச் சமயம் பார்க்கவில்லைப் போலும்.

கத்தோலிக்கருக்கோ ஏறக்குறைய 150 ஆண்டுகள் மணியில்லாக் காலம். 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவுகளில் பூசை வைத்தார். ஒளித்துச் செய்யும் பூசைக்கு மணி அடிக்க முடியுமா? 1806இல் ஆங்கிலேயர் தடைகளை நீக்கினார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்தவர்களில் பலர் பிரான்ஸ் நாட்டவர். அக்காலப் பிரான்சின் கிராமங்களில் மணியோசை எட்டும் தூரமே ஊரின் எல்லையாக உணரப்பட்டதைப் பற்றி அலென் கோர்பேன் என்ற வரலாற்றாசிரியர் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு நம்மூர்தான் நினைவுக்கு வந்தது.

மணிக்கு ஒரு மொழி இருந்தது. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் திருந்தாதி மணி: மும்மூன்று அடியாக மூன்று முறை, இடையில் செபத்துக்கான அமைதி, கடைசியில் தொடர் அடி. ஞாயிறு பூசைக்கு முதலாம் மணி, இரண்டாம் மணி. பெருநாட் சுற்றுப்பிரகாரத்துக்கு விடாமல் குலுங்கும் மணி. பெரிய வியாழன் பூசையிலிருந்து உயிர்ப்பு இரவு வரை மணி வாய் திறக்காது. என் அம்மம்மாவுக்கு அந்தச் செபங்களில் ஒன்றும் தெரியாது. ஆனால் மத்தியான மணி கேட்டால் தோட்டத்தில் நிற்பவர்களுக்குச் சோறு கட்டத் தொடங்குவார். மாலை மணிக்குச் சாமி விளக்கு ஏற்றுவார். பிள்ளையார் கோயிலில் பூசை தொடங்குவதும் அந்தப் பொழுதுதான். இரண்டு ஓசையும் ஒன்றையொன்று இடைஞ்சலாக நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

செத்தவீட்டு மணி வேறு மாதிரி. ஓர் அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி. அம்மம்மா கையிலிருப்பதை வைத்துவிட்டு, “ஆரோ மோசம் போட்டினம்” என்பார். பிறகுதான் படலையடியில் விசாரிப்பு.

சைவர் வீடுகளில் மரணத்தை அறிவித்தது பறைமேளம். இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை இத்தகைய மலர்களில் நாம் எழுதுவதில்லை. பறையடிக்க ஒரு சமூகத்தவரைக் குடிமை என்ற பெயரில் கட்டிவைத்திருந்தோம். எத்தனை மேளம் என்பதிலேயே வீட்டின் சாதியும் செல்வமும் கேட்கும். அந்தக் குடிமையை மறுத்தவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. ஒற்றை மணியோ யாருடைய மரணம் என்று சொல்லாது. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களுக்குள்ளும் சாதி புகுந்து இருக்கைகளைப் பிரித்ததுண்டு. மணிக்கயிற்றில் மட்டும் அது ஏறவில்லை. மரணச் சான்றிதழில் நேரமும் காரணமும் எழுதுவது இன்று என் தொழில். அதில் இல்லாத ஏதோ ஒன்றை அந்த அடி சொன்னது என்று நினைக்கிறேன்.

1990 யூனுக்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சுவர் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. செய்தி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றினோம். அதற்கும் நேரம் தெரிய வேண்டுமே! என் வயதுப் பிள்ளைகளுக்கு மாலை மணி என்றால் ஜாம் போத்தல் விளக்கு. அதற்கு முன் கொளுத்தினால் மண்ணெண்ணெய் வீண் என்று ஏச்சு விழும்.

1995 யூலை 9இல் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து, தஞ்சமிருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. வடமராட்சிக்கு வந்தவர்களால் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிறைந்தன. கூரையைப் பார்த்துப் பார்த்துத்தான் படுத்தார்கள். இளவாலைப் பக்கத்து அம்மா ஒருவர் எங்கள் விறாந்தையில் இருந்தார். முதல் நாள் திருந்தாதி மணி கேட்டதும் எழுந்து நின்றார். செபம் முடிய என்னைப் பார்த்து, “எங்கடை மணி இதிலும் தடிச்ச குரல், பிள்ளை” என்றார். தன் வீட்டைப் பற்றி அன்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

இப்போது ஒலிபெருக்கி உண்டு, கைத்தொலைபேசி உண்டு. மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் முதலில் ரொறன்ரோவுக்குப் போகிறது. அடுத்த ஒழுங்கைக்குப் பிறகுதான் வருகிறது. மணி இன்னமும் அடிக்கிறது, ஆனால் அடியை எண்ணுகிறவர்கள் குறைவு. பிறந்தவருக்கு ஞானஸ்நானப் புத்தகம், இறந்தவருக்கு அடக்கப் புத்தகம். வெயிலிலும் மழையிலும், ஷெல் விழுந்த நாட்களிலும் கயிறு இழுத்தவருக்குப் புத்தகம் இல்லை.

ஆகவே பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். வேதமோ சைவமோ, மணி கேட்கும் தூரத்தில் வளர்ந்தவர்கள் ஒரு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எந்த மணிக்கு எத்தனை அடி, அடித்தவரை ஊர் எப்படிக் கூப்பிட்டது, அந்த ஓசைக்கு உங்கள் வீட்டில் என்ன வேலை நடந்தது என்று எழுதுங்கள். வீடு எந்தக் குறிச்சியில் இருந்தது என்பதையும் குறியுங்கள். ஓசை எட்டிய எல்லையை ஊர்ப்படத்தில் கோடு போட்டுவிடலாம். கட்டைவேலிக் கோயிற்பற்றின் பழைய எல்லையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆசை.