இருட்டு வியாபாரம் – 6: பதினைந்து மெகாவாட் கம்பி

1999 மே 24, திங்கட்கிழமை. கலிஃபோர்னியா மின்சந்தையின் கணினியில் ஒரு விசித்திரமான பதிவு வந்து விழுந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். நெவாடா எல்லையில் உள்ள சில்வர் பீக் தடம் வழியாக 2,900 மெகாவாட் மின்சாரம் அனுப்பப் போவதாக ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. சில்வர் பீக் கம்பி தாங்கக்கூடியது 15 மெகாவாட்!

இந்த விஷமத்தின் ஆழம் புரிய வேண்டுமானால் அந்தச் சந்தை எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1996இல் சட்டமன்றத்தில் ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட விழாமல் நிறைவேறிய சட்டத்தால் பிறந்த சந்தை அது. 1998இல் கதவைத் திறந்தார்கள். நாளைய மின்சாரத்தை இன்றே ஏலம் விடுவது ‘பவர் எக்ஸ்சேஞ்ச்’ என்ற அமைப்பின் வேலை. ஏலத்தில் முடிவானதைக் கம்பிகள் தாங்குமா என்று பார்ப்பது ஃபோல்சம் நகரில் இருந்த இன்னோர் அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் வேலை. விலை பேசுபவர் ஒருவர், கம்பியைப் பார்ப்பவர் வேறொருவர். ஏலக் கணினி எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று யோசிப்பதில்லை. 2,900 என்று சொன்னதும் நம்பிவிட்டது. ஐ.எஸ்.ஓ. பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று வெட்டியது. வெட்டிய மின்சாரத்துக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது அவசரமாக வாங்கியாக வேண்டும். அவசரத்துக்கு வாங்குபவனிடம் யார் நியாய விலை சொல்வார்கள்? விலை எகிறியது.

பதிவு வந்த இடம் ஆரகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட். அங்கேதான் என்ரான் நிறுவனத்தின் மேற்குப் பிராந்திய மின்வணிகப் பிரிவு இருந்தது. அதன் தலைவர் டிம் பெல்டன். தவறுதலாகப் பதிவாகிவிட்டதா என்று பவர் எக்ஸ்சேஞ்சிலிருந்து போன் போட்டுக் கேட்டார்கள். இல்லை, தெரிந்தே போட்டதுதான் என்பது அவருடைய பதிலின் சாரம்.

திருடன் பூட்டை ஆட்டிப் பார்த்ததை வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். என்ன செய்தார்? விசாரித்தார், விசாரித்தார், ஏறக்குறைய ஒரு வருடம் விசாரித்தார். 2000ஆம் ஆண்டு சமரசமாக முடிந்தபோது என்ரான் கட்டிய தொகை 25,000 டாலர். அந்த ஒரு நாளில் கலிஃபோர்னியா கூடுதலாகக் கொடுத்ததோ லட்சக்கணக்கான டாலர். கலிஃபோர்னியாவின் பெரிய இருட்டு 2001இல் வந்தது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். என்னைக் கேட்டால், அந்த 25,000 டாலர் ரசீதில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே அது வந்துவிட்டது. மாட்டினாலும் இவ்வளவுதான் செலவு என்று போர்ட்லாண்டுக்குத் தெரிந்துவிட்டதே!

அதே 2000ஆம் ஆண்டு கோடையில் நிலைமை முற்றியது. எல்லாப் பழியையும் என்ரான் தலையில் கட்டுவது நியாயமில்லை. வடமேற்கு மாநிலங்களில் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்திருந்தது. எரிவாயு விலை ஏறியிருந்தது. பழைய மின்நிறுவனங்கள் புதுச் சட்டப்படி தங்கள் அனல்மின் நிலையங்கள் பலவற்றை வெளியாருக்கு விற்றுவிட்டு, அதே நிலையங்களின் மின்சாரத்தை ஏலத்தில் வாங்கிக்கொண்டிருந்தன. வாங்கும் விலைக்கு வரம்பு தளர்வு, வீட்டுக்கு விற்கும் விலைக்கோ பூட்டு. பூட்டு முதலில் கழன்ற சான்டியாகோ நகரத்தில் அந்தக் கோடையில் மின்கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. 1999இல் ஆயிரம் யூனிட் சுமார் 30 டாலருக்கு விற்ற சந்தையில், 2000 டிசம்பர் சராசரி 300 டாலரைத் தாண்டியது. போர்ட்லாண்ட் பிரிவின் வருமானம் 5 கோடி டாலரிலிருந்து 50 கோடியானது. இதெல்லாம் ஒரே வருடத்தில்.

அந்த டிசம்பர் 6ஆம் தேதி, கிறிஸ்டியன் யோடர், ஸ்டீஃபன் ஹால் என்ற இரு வழக்கறிஞர்கள் என்ரானுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதினார்கள். வியாபாரிகள் என்னதான் செய்கிறார்கள், வழக்கு வந்தால் தாங்குமா என்று பார்ப்பதற்காக எழுதியது. அதில் ஒவ்வொரு தந்திரத்துக்கும் ஒரு பட்டப்பெயர்: ஃபேட் பாய், கெட் ஷார்ட்டி, ரிகோஷே, டெத் ஸ்டார்.

டெத் ஸ்டாரைப் பாருங்கள். ஒரு தடத்தில் நெரிசல் என்றால், எதிர்த்திசையில் மின்சாரம் அனுப்பி அதைக் குறைப்பவருக்கு ஐ.எஸ்.ஓ. பணம் கொடுக்கும். என்ரான் எதிர்த்திசையில் அனுப்புவதாக எழுதிக் கொடுத்தது. அதே மின்சாரத்தை ஐ.எஸ்.ஓ.வின் கண்ணுக்கு எட்டாத வெளித்தடங்கள் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டுவருவதாகவும் இன்னொரு பக்கம் எழுதி வைத்தது. காகிதத்தில் ஒரு வட்டம். கம்பியில் எதுவும் நகரவில்லை, நெரிசலும் குறையவில்லை. பணம் மட்டும் வந்தது. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அந்த வழக்கறிஞர்களே குறிப்பில் ஒப்புக்கொண்டது.

ரிகோஷே நமக்கு இன்னும் எளிதாகப் புரியும். ரேஷன் அரிசியை வாளையாறு தாண்டிக் கொண்டுபோய், பாலிஷ் போட்டு, வேறு பெயரில் விற்பதை அறியாதவர்களா நாம்? கலிஃபோர்னியாவுக்குள் விலைக்கு உச்சவரம்பு இருந்தது, வெளியிலிருந்து வருவதற்கு இல்லை. உள்ளே வாங்கிய மின்சாரத்தை எல்லைக்கு வெளியே ஒரு கூட்டாளிக்கு விற்றதாகக் காட்டி, மறுபடி ‘வெளிமாநில மின்சாரம்’ என்று உள்ளே கொண்டுவந்தார்கள். திருப்பிக் கொண்டுவராமல் வெளியிலேயே விற்றாலும் லாபம்தான். டிசம்பர் 5 அன்று உள்ளே 250 டாலர், வெளியே 1,200 டாலர் என்று அந்தக் குறிப்பே கணக்குச் சொல்கிறது.

குறிப்பு பெட்டிக்குள் போய்விட்டது. ஆறு வாரம் கழிந்தது.

2001 ஜனவரி 17. வட கலிஃபோர்னியாவில் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். அந்தச் சுழற்சி மின்வெட்டு ஐந்து லட்சம் வாடிக்கையாளர்கள் வரை பாதித்தது. ஆளுநர் கிரே டேவிஸ் அவசரநிலை அறிவித்தார். அதே நாளில் லாஸ் வேகாஸில் ஒரு மின் நிலையம் ஓடாமல் நின்றிருந்தது. என்ன பழுது? அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.

டேவிஸ் வாஷிங்டனை நோக்கிக் கத்திக்கொண்டே இருந்தார். மாநிலங்களுக்கு இடையிலான மின்வணிகம் மத்திய ஆணையமான ஃபெர்க்கின் கையில். விலை நியாயமில்லை என்று 2000 நவம்பரிலேயே அந்த ஆணையம் சொல்லியிருந்தது. ஆனால் குறிப்பிட்ட யாரும் சந்தையை வளைத்தார்கள் என்று சொல்லத் தயாராக இல்லை. ஏப்ரல் 6 அன்று மாநிலத்தின் மிகப் பெரிய மின்நிறுவனமான பி.ஜி. அண்ட் ஈ. திவால் மனு போட்டது. அதற்குப் பிறகு, ஜூன் 19ஆம் தேதிதான் ஆணையம் அசைந்து கொடுத்தது.

அசைந்தபோது சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். உச்சவரம்பை கலிஃபோர்னியாவுக்கு மட்டும் வைக்காமல் மேற்கின் 11 மாநிலங்களுக்கும் ஒன்றாக வைத்தார்கள். கையில் மின்சாரம் இருப்பவர் விற்க மறுக்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். ‘வெளியே’ என்று ஓர் இடமே இல்லாமல் போனதும் ரிகோஷேவுக்கு வேலை இல்லை. அந்தக் கோடையில் விலை சரிந்தது. எரிவாயு மலிந்ததும், 20 சதவீதம் குறைத்துச் செலவழித்தால் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி என்ற டேவிஸின் திட்டத்தை மக்கள் பிடித்துக்கொண்டதும் துணை நின்றன. டேவிஸுக்கு மட்டும் பலனில்லை. 2003இல் மக்கள் ஓட்டுப் போட்டு அவரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள்.

2001 டிசம்பர் 2 அன்று என்ரானே திவால். 2002 மே மாதம் வழக்கறிஞர்களின் குறிப்பை ஃபெர்க் ஊருக்கெல்லாம் வெளியிட்டது. அக்டோபரில் பெல்டன் சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். காகிதத்தில் வட்டம் போட்டது சரி, ஓடுகிற மின் நிலையத்தை வேண்டுமென்றே நிறுத்தினார்களா? அப்படி நடக்கவே இல்லை என்று மின்வணிக நிறுவனங்கள் சாதித்தன. என்ரான் மீது ஆதாரமும் வெளியே வந்திருக்கவில்லை.

ஆதாரத்தை வெளியே கொண்டுவர வழி செய்தது என்ரானே. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்னோஹோமிஷ் என்ற மாவட்டத்தின் மக்கள் மின்வாரியம், 2001 ஜனவரியின் கொள்ளை விலையில் என்ரானோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்தது. என்ரான் சாய்ந்ததும் அதை ரத்து செய்தது. திவாலான நிறுவனம் சும்மா இருந்திருக்கலாம். ஒப்பந்தத்தை முறித்ததற்காக 10 கோடி டாலருக்கு மேல் கொடு என்று அந்தச் சின்ன வாரியத்தின் மேல் பாய்ந்தது.

வாரியத்தின் வழக்கறிஞர்கள் தற்காப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்று துழாவினார்கள். மின்வணிகத்தில் பேரம் வாய்வார்த்தையில் முடிவதால், பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்காக வியாபாரிகளின் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்வது வழக்கம். போர்ட்லாண்டிலும் பதிவு செய்திருந்தார்கள். எஃப்.பி.ஐ. அள்ளிக்கொண்டு போன அந்த ஒலிநாடாக்கள் நீதித்துறையிடம் இருந்தன. வாரியம் கேட்டு வாங்கியது. ஆட்களை உட்காரவைத்து, கேட்டுக் கேட்டு எழுத வைத்தது.

அந்தப் பதிவுகளில் ஒன்றின் தேதி 2001 ஜனவரி 16, பெரிய மின்வெட்டுக்கு முந்தைய நாள். பேசுபவர் என்ரானின் ஆள். மறுமுனையில் லாஸ் வேகாஸ் மின் நிலையத்துக்காரர். நிலையம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்ரான்காரர் தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை, தயங்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறார்: நாளைக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்…

(தொடரும்)